வரையாமல் விளைந்த முக்கோணம்

எனக்கு ஐந்தாம் வகுப்பு முழுதாகக் கிடையாது. பாதியில் மாட்டுக்குப் புல் அறுக்கப் போய்விட்டேன். பதினாறு வயதில் டிராக்டரில் ஏறினேன். முப்பதில் சொந்த டிராக்டர். ஐம்பதில் இரண்டு நெல் அறுப்பு மெஷின். இன்றைக்குத் திருப்பனந்தாள் பக்கம் என் பெயரில் பட்டா உள்ள நிலம் பன்னிரண்டு ஏக்கர். அதில் ஒரு சென்ட்கூட யாரும் எனக்குத் தூக்கிக் கொடுத்ததில்லை. இதைத் தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். இவ்வளவும் செய்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியாது.

ஆனால் இங்கே எழுத வந்தது ஒரு மா நிலத்தைப் பற்றி. ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. அதில் நான் ஒரு முக்கோணத்தை விளைய வைத்தேன். யாரும் அதை வரையவில்லை.

என் மகள் குத்தாலத்துப் பக்கம் ஒரு கல்லூரியில் கணக்கு நடத்துகிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவள் செல்போனில் ஒரு படம் காட்டினாள். ஒரு புள்ளி அங்கும் இங்கும் குதித்துக்கொண்டே இருந்தது. குதித்த இடமெல்லாம் ஒரு தடம் விழுந்து, தடங்கள் சேர்ந்து ஒரு வடிவம் ஆனது.

“இது மெஷினுக்குள்ள எவனோ முன்னாடியே எழுதி வச்ச படம்மா. அப்பனை ஏமாத்தாதே” என்றேன்.

“அப்ப நீங்களே போடுங்க” என்று தாளை விரித்தாள்.

தாளில் முக்கோணத்தின் மூன்று மூலைகளுக்கு மூன்று புள்ளி வைத்தாள். தாயக்கட்டை ஒன்றை என் கையில் கொடுத்தாள். நாலு பக்கம் உள்ள நீளமான பித்தளைக் கட்டை. ஒன்று விழுந்தால் முதல் மூலை, இரண்டு விழுந்தால் இரண்டாவது, மூன்று விழுந்தால் மூன்றாவது. வெறும் பக்கம் விழுந்தால் திரும்பப் போட வேண்டும். இருக்கும் இடத்திலிருந்து, விழுந்த மூலையை நோக்கிச் சரியாகப் பாதித் தூரம் போய் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியிலிருந்து அடுத்த கட்டை, அடுத்த பாதி, அடுத்த புள்ளி. வேறு விதியே கிடையாது.

முதல் ஐம்பது புள்ளி வரைக்கும் எனக்குச் சிரிப்பு வந்தது. விளக்கைச் சுற்றும் ஈசல் மாதிரி அலைந்தது. இருநூறு தாண்டியதும் சிரிப்பு நின்றது. பெரிய முக்கோணத்தின் நடுவில் ஒரு தலைகீழ் முக்கோணம் காலியாகக் கிடந்தது. ஒரு புள்ளிகூட அங்கே விழவில்லை. அதைச் சுற்றி மூன்று சின்ன முக்கோணம். அந்த மூன்றின் நடுவிலும் காலி. அதற்குள் இன்னும் சின்னது, அதிலும் காலி. முழுசு எப்படியோ துண்டும் அப்படியே.

“எங்க ஆரம்பிச்சாலும் இதுதான் வருமா?”

“எங்க ஆரம்பிச்சாலும்பா.”

“முக்கோணத்துக்கு வெளியில ஆரம்பிச்சா?”

“வெளியில ஆரம்பிச்சாலும் நாலஞ்சு தாவல்ல உள்ள வந்துரும். அப்புறம் இதேதான்.”

இந்தக் கேள்வியை நான் அன்று மூன்று முறை கேட்டதாக அவள் இப்போதும் சொல்லிச் சிரிக்கிறாள். கேட்டேன்தான். எனக்கு அது பிடித்திருந்தது.

மறுநாள் டீக்கடையில் நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. கண்ணாடித் தம்ளரை வைத்துக்கொண்டு பெஞ்சில் இருந்த எல்லோருக்கும் விளக்கினேன். பாதிப் பேர் தலையாட்டினார்கள். ரிட்டயர்டு சர்வேயர் மட்டும் சிரித்தார். என் பன்னிரண்டு ஏக்கரில் எட்டு ஏக்கரை அளந்து கல் நட்டுக் கொடுத்தவர் அவர்தான். வேலையில் சுத்தமான ஆள். பேச்சில் ஊசி வைத்திருப்பார். மற்றவர்கள் என்னை அண்ணன் என்பார்கள், அவர் மட்டும் முதலாளி என்பார்.

“முதலாளி, நான் சர்வீஸ் பூரா நெலம் அளக்கற சங்கிலி புடிச்சவன். அளக்காம, வரையாம, கட்டையை உருட்டி ஒரு வடிவம் வரும்னா, கவர்மென்ட் எனக்கு எதுக்கு பென்ஷன் குடுக்குது?”

“அதைத்தான் சார் நானும் ரொம்ப நாளா கேக்கறேன்” என்றேன்.

பெஞ்ச் குலுங்கியது. அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. “தாள்ல யார் வேணாலும் போடலாம். நாத்துல போடுங்களேன் பார்ப்போம்.”

“போடறேன். ஒரு மாவுல போடறேன்.”

“வரலைன்னா?”

அதற்குப் பதிலையும் அவரே சொன்னார். “வரலைன்னா இனிமே ஊர்க் கூட்டத்துல நீங்க எந்திரிச்சுப் பேசக் கூடாது. வந்து உட்கார்ந்து, கேட்டுட்டுப் போகணும்.”

பெஞ்சில் இருந்தவர்கள் என் பக்கம் திரும்பினார்கள். ஏனென்றால் ஆடி மாதக் கூட்டம் வரப்போகிறது. மண் அள்ளும் மெஷின் முதலில் எந்த வாய்க்காலுக்குப் போவது என்று அதில்தான் முடிவாகும். எங்கள் தெருக்காரர்கள் நிலத்துக்குப் பாயும் வாய்க்கால் கடைசியில் இருக்கிறது. மண்மேடிட்டு, கோரை முளைத்துக் கிடக்கிறது. சர்வேயரின் நிலம் மேல் வாய்க்காலில் இருக்கிறது. எங்கள் தெருவில் கூட்டத்தில் எழுந்து நின்று, எதிராளி முகத்தைப் பார்த்துப் பேசுகிற ஆள் நான் ஒருவன்தான். என் அப்பா அந்தக் கூட்டங்களில் உட்கார்ந்ததுகூட இல்லை. ஓரமாக நின்று, மற்றவர்கள் முடிவு செய்ததைக் கேட்டுக்கொண்டு வந்தவர். நான் பேச ஆரம்பித்து முப்பது வருஷம் ஆகிறது. அந்த வாயைத்தான் அவர் பந்தயமாகக் கேட்டார்.

“வந்துச்சுன்னா?” என்றேன்.

“வந்துச்சுன்னா உங்க வயல்ல பொம்பளைங்களோட எறங்கி ஒரு நாள் களை எடுக்கறேன். போதுமா?”

“போதும் சார். கோவணம் கட்டத் தெரியுமா?”

அன்று மாலை மகளிடம் போனில் சொன்னேன். “தாள்ல புள்ளி சாகாதுப்பா. வயல்ல நாத்து சாகும், ஆடு மேயும், நத்தை திங்கும். உங்களை யாரு வாயைக் குடுக்கச் சொன்னது?” என்றாள். குடுத்தாகிவிட்டது என்றேன்.

எங்களிடம் ஒரு நெல் உண்டு. இலையே கத்தரிப்பூ நிறத்தில் கறுத்து வளரும். அதில் ஒரு நாற்றங்கால், சாதாரணப் பச்சை நெல்லில் ஒரு நாற்றங்கால் விட்டேன். புள்ளிக்கெல்லாம் கறுப்பு. மீதி இடம் முழுக்கப் பச்சை. ஆனி பிறந்ததும் வயலை உழுது, தண்ணீர் கட்டி, மூன்று முளைக்குச்சி அடித்தேன். தென்வரப்பின் இரண்டு முனைகளில் மதகுப் பக்கம் ஒன்று, பனைமரத்துப் பக்கம் ஒன்று. வடவரப்பின் நடுவில் கரண்ட் கம்பத்தடியில் மூன்றாவது.

பாதித் தூரத்தைக் கண்டுபிடிக்க என் மகள் ஏதோ கருவி வாங்கலாம் என்றாள். எதற்கு? வரிசை நடவுக்கு நாங்கள் கயிறு பிடிக்கிறவர்கள். அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு மூன்று நீளக் கயிறு செய்தேன். முளைக்கு ஒன்று. நாற்று நிற்கும் இடம் நாற்பத்தாறாவது முடிச்சு என்றால், இருபத்து மூன்றாவது முடிச்சுக்கு நடந்துபோய் ஊன்ற வேண்டியதுதான். ஒற்றைப்படை வந்தால் அரை முடிச்சை விட்டுவிடு. நான் இதைச் சொன்னபோது மகளே அசந்துபோனாள்.

“அரை முடிச்சு தப்பு வந்தா பரவாயில்லப்பா. அடுத்த தாவல்ல அந்தத் தப்பும் பாதியாயிரும். அதுக்கடுத்ததுல கால். முன்னாடி போகப் போகத் தப்பு கரைஞ்சுரும்.”

சர்வேயர் காலையிலேயே வந்து வரப்பில் நின்றார். கையில் சொந்தத் தாயக்கட்டை. “உங்க கட்டையில ஈயம் ஊத்தி வச்சிருப்பீங்க. இதுல போடுங்க.” அது தேய்ந்த கட்டை. பத்துத் தடவைக்கு நாலு தடவை ஒன்றுதான் விழுந்தது. போடுங்கள் என்றேன். எந்த மூலையும் அடியோடு விடுபடாமல் விழுந்தால் போதும். ஒன்று அதிகமாக விழுந்தால் மதகுப் பக்கம் நாற்று அடர்த்தியாக இருக்கும், வடிவம் மாறாது. இதையும் என் மகளிடம் முன்பே கேட்டு வைத்திருந்தேன்.

“ஆரம்ப இடத்தை நான்தான் சொல்லுவேன்” என்றார்.

“சொல்லுங்க.”

வடகிழக்கு மூலையில் மோட்டார் கொட்டகை இருக்கிறது. முக்கோணத்துக்கு நன்றாக வெளியே. அதன் வாசலைக் காட்டினார்.

நடவு ஆட்களுக்குத் தலைவியாக ஒரு அம்மா இருக்கிறாள். இந்தச் சுற்று வட்டாரத்தில் அவள் கை பட்ட வயலில் ஒரு நாற்றுக் குத்து கோணலாக இருக்காது. அவள் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு, “ஏண்ணே, வயசான காலத்துல தாயம் விளையாடறதுக்கு ஒரு மா நெலமா கேக்குது ஒங்களுக்கு?” என்றாள். ஆனாலும் இறங்கினாள். டீக்கடைப் பெஞ்சு அப்படியே வரப்புக்கு வந்துவிட்டது. குடையை விரித்து, பலகை போட்டு, கிழவர்கள் முறை வைத்துக் கட்டை உருட்டினார்கள். “மூணு! கம்பம்!” என்று ஒருவர் கத்துவார். கம்பத்துக் கயிறு நீளும். முடிச்சை எண்ணுவார்கள். பாதியில் ஒரு கறுப்பு நாற்றை ஊன்றுவார்கள். “ரெண்டு! பனை!” அங்கே ஓடுவார்கள். மூன்று செட் ஆள், மூன்று நாள். மூவாயிரத்துக்கு மேல் கறுப்புக் குத்து போனது. அதற்குப் பின்னால் பச்சை நாற்றை நெருக்கமாக எல்லா இடத்திலும் நட்டு முடித்தோம். தரையில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. சேறும் தண்ணீரும் சிதறிக் கிடக்கும் கறுப்பும்தான்.

பத்து நாள் கழித்துப் பட்டுக்கோட்டையில் ஒரு காதுகுத்துக்குப் போய் இரண்டு நாள் தங்கிவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் வயலில் யாரோ இறங்கி வேலை முடித்திருந்தார்கள்.

நடவு நட்ட பத்தாம் நாள், செத்த குத்துக்குப் பதிலாக மறு நாற்று ஊன்றுவது எங்கள் பக்கத்து வழக்கம். யாரும் சொல்ல வேண்டியதில்லை. கூலி கேட்காமல்கூடச் செய்துவிட்டுப் போவார்கள். நட்டவளுக்கு மானப் பிரச்சினை அது. பச்சை நாற்று தீர்ந்துபோயிருந்தது. கறுப்பு நாற்று இரண்டு கட்டு மீந்து கிடந்தது. தலைவி அம்மா அந்த இரண்டு கட்டு நாற்றையும் எடுத்து, காலி கண்ட இடமெல்லாம் ஊன்றிவிட்டாள். தாயக்கட்டை எங்களை ஒருபோதும் அனுப்பாத நடுவிடத்தில் கறுப்புக் கறுப்பாக நின்றது.

“என்னம்மா பண்ணி வச்சிருக்கே?”

“ஏன், என்ன பண்ணேன்? எடம் சும்மா கெடந்துச்சு, ஊனிவிட்டேன். வெத்தெடத்தைப் பாத்துட்டு வீட்டுக்குப் போயி சோறு திங்க முடியுமாண்ணே என்னால?”

“அந்த எடத்துல பச்சைதான் இருக்கணும். கறுப்பு வரவே கூடாது. அதுதான் வடிவமே.”

அவள் இடுப்பில் கை வைத்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “காலியை வச்சு ஒரு வடிவமா? முன்னாடியே சொல்றதுக்கென்ன? வாய் கிழியப் பேசறீங்க டீக்கடையில.”

அவள் சொன்னது சரி. சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அதை அவளிடம் ஒப்புக்கொள்ள அன்று எனக்கு மனம் வரவில்லை. சர்வேயர் சைக்கிளில் போகிறபோது வயலைப் பார்த்துவிட்டு, மணியை மட்டும் அடித்துவிட்டுப் போனார்.

மகளுக்குப் போன் போட்டேன். கொஞ்சம் யோசித்தவள், “நடுவுல நிக்கறதைக் கண்ணாலயே பார்த்துப் புடுங்கிரலாம். மத்ததுக்குத் திருப்பிப் போகணும்பா” என்றாள்.

“திருப்பின்னா?”

“பாதிக்கு வந்தீங்கல்ல, இப்ப ரெட்டிப்புக்குப் போங்க. ஒரு குத்து மதகுக்குப் பக்கம் இருக்கற சின்ன முக்கோணத்துல நிக்குதுன்னா, மதகுக் கயித்தைப் புடிங்க. பதினெட்டாவது முடிச்சுன்னா அதே நேர்ல முப்பத்தாறுக்குப் போங்க. அது எங்கருந்து வந்துச்சோ அந்த எடம் அது. அங்கருந்து பக்கத்து மூலையை வச்சுத் திரும்ப ரெட்டிப்பு. எப்பவாவது ஒரு தடவை நடுக் காலியில போய் நின்னா, அந்தக் குத்து பொய். புடுங்கிருங்க.”

அடுத்த நாள் வெயிலில் இறங்கினோம். தலைவி அம்மாவும் நானும் இன்னும் நான்கு பேரும். சந்தேகப்பட்ட ஒவ்வொரு குத்துக்கும் கயிறு. முதல் திருப்பத்தில் நிறைய மாட்டின. இரண்டாவதில் மாட்டின. ஒவ்வொன்று மாட்டும்போதும் அந்த அம்மா, “திருட்டு முண்டம், வெளிய வா!” என்று பிடுங்கி வரப்பில் எறிவாள். தான் ஊன்றியதைத் தானே திட்டிப் பிடுங்கினாள். மத்தியானத்துக்குள் கை நிறைய சேர்ந்தது. எனக்குத் தெம்பு வந்துவிட்டது. ஒன்றுவிடாமல் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

சின்னச் சின்னக் காலிகளுக்கு வந்தபோது சிக்கல். அங்கே நாலு திருப்பம், ஐந்து திருப்பம் போக வேண்டியிருந்தது. ஒரே குத்தை இரண்டு பேர் தனித்தனியாகக் கயிறு பிடித்துப் பார்த்தார்கள். ஒருத்தி நடுக் காலிக்குப் போய் நின்றாள். தலைவி அம்மா பனைமரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். இருவருக்கும் நடுவே பெரிய வண்டி போகும்.

“ஒனக்கு எண்ணத் தெரியல.”

“உனக்குத்தான் கண்ணு தெரியல அக்கா.”

நானே பிடித்தேன். மூன்றாவதாக ஒரு இடத்தில் போய் நின்றேன்.

மகள் போனில் சொன்னாள்: “கயிறு தொய்யும், காத்துல ஆடும். மொதல்ல ஒரு சாண் தப்புன்னா, திருப்பும்போது ரெண்டு சாண், நாலு, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு. முன்னாடி போகும்போது கரைஞ்ச தப்புதான்பா, பின்னாடி போகும்போது பெருகுது. அஞ்சு திருப்பத்துக்கு மேல யாராலயும் சொல்ல முடியாது.”

“நல்ல கயிறு வாங்கறேன்.”

“வாங்குங்க. இன்னும் ரெண்டு திருப்பம் சொல்லலாம். அதுக்கு மேல அதுவும் கைவிட்டுரும்.”

எனக்குக் கோபம் வந்தது. என் வயல், என் நாற்று, நான் நட்டது. அது எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாதா? சேற்றில் நின்றுகொண்டு போனில் கத்தினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எனக்கும் தெரியாதுப்பா. எங்க புரொபசருக்கும் தெரியாது” என்றாள். அந்தப் பதிலில் ஏதோ ஒரு நியாயம் இருந்தது. சந்தேகமான குத்துகளை அப்படியே விட்டுவிட்டுக் கரை ஏறினோம். பிடுங்கிய இடத்துக்குப் பக்கத்து வயல்காரரிடம் பச்சை நாற்று வாங்கி ஊன்றினோம்.

கூட்டத்துக்கு நாலு நாள் முன்பு, வளர்ந்த பயிரை மேலிருந்து பார்ப்பது என்று முடிவானது. கல்யாண வீடியோ எடுக்கும் தம்பி ஒருவரிடம் ட்ரோன் இருந்தது. ஆடியில் முகூர்த்தம் இல்லை, சும்மாதான் இருந்தார். வரப்பு முழுக்க ஆள். ட்ரோன் ஏறும்போது கொக்குகள் கலைந்தன. நான் அண்ணாந்து பார்த்தபடி நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை. என் வீட்டுக்காரி பிறகு சொன்னாள், அவளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து நான் அவ்வளவு நேரம் சும்மா இருந்து பார்த்ததில்லையாம்.

அந்தத் தம்பி திரையைத் திருப்பிக் காட்டினார்.

பச்சைக்குள் கத்தரிப்பூ நிறத்தில் முக்கோணம் நின்றது. நடுவில் சுத்தமான பச்சையில் தலைகீழ் முக்கோணம். சுற்றி மூன்று, அதைச் சுற்றி ஒன்பது. மதகுப் பக்கம் கொஞ்சம் கறுப்பு அதிகம், தேய்ந்த கட்டையின் வேலை. மோட்டார் கொட்டகையிலிருந்து நாலைந்து குத்து தனித்தனியாக வழி தவறி நடந்துவந்து உள்ளே சேர்ந்திருந்தது. பெஞ்சுக் கிழவர்கள் தாங்கள்தான் நட்டது போலக் கத்தினார்கள்.

சர்வேயர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திரையை விரலால் பெரிதாக்கினார். மேலும் பெரிதாக்கினார். “முதலாளி, பெருசெல்லாம் சரி. இந்தச் சின்னதுல குழம்பியிருக்கே. இதுக்குள்ள காலியே காணோமே.”

“குழம்பித்தான் இருக்கு” என்றேன். “அதுல எது நாங்க தாயம் போட்டு நட்டது, எது இந்த அம்மா பொய்யா ஊனினதுன்னு எனக்குத் தெரியாது. உங்க சங்கிலியைக் கொண்டாந்து அளந்தாலும் உங்களுக்கும் தெரியாது. வரும்னு சொன்னேன். வந்திருக்கு. இல்லைன்னு சொல்லுங்க பார்ப்போம்.”

அவர் திரையைத் திரும்பச் சின்னதாக்கி, ரொம்ப நேரம் பார்த்தார். “வந்திருக்கு” என்றார். பிறகு, “களை என்னைக்கு?” என்று கேட்டார். அதற்காக அவரை இன்றும் மதிக்கிறேன்.

மறுநாள் காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். பத்து நிமிஷத்தில் ஒரு நெல் குத்தைப் பிடுங்கிக் கரையில் போட்டார்.

“சார், அது களை இல்ல, எங்க அண்ணனோட சோறு” என்றாள் தலைவி அம்மா.

“ரெண்டும் பச்சையாத்தானம்மா இருக்கு.”

“அப்ப கறுப்பைப் பாத்துப் பழகுங்க. கறுப்பைத் தொட்டீங்கன்னா கையை ஒடிச்சிருவேன்.”

சாயங்காலம் வரை இடுப்பை நிமிர்த்தாமல் எடுத்தார். பெண்கள் அவருக்குத் தனியாக ஒரு தூக்கில் கஞ்சி கொடுத்தார்கள். கரை ஏறும்போது என்னைப் பார்த்து, “கூட்டத்துல மேல் வாய்க்கால் பக்கம் நான் பேசத்தான் செய்வேன்” என்றார்.

“பேசுங்க சார். நானும் பேசுவேன்.”

பேசினேன். கோயில் மண்டபத்தில் மின்விசிறி ஓடவில்லை. அவர் வரைபடத்தை விரித்துக் காட்டி, மேல் வாய்க்காலில் மண் அள்ளினால்தான் கீழே தண்ணீர் வரும் என்று ஒழுங்காகப் பேசினார். நான் எழுந்து, இத்தனை வருஷமும் மேலே அள்ளியும் கீழே தண்ணீர் வராத கதையை ஒவ்வொரு போகமாகச் சொன்னேன். நடுவில் கூட்டத் தலைவர், “நேரமாச்சு, உட்காருங்க” என்றார். உட்காரவில்லை. இன்னொருவர், “அதான் சொல்லிட்டீங்களே” என்றார். இன்னும் சொல்லவில்லை என்றேன். எங்கள் தெருவிலிருந்து இரண்டு பேர் பின்னால் எழுந்து நின்றார்கள். அவர்கள் பேசவில்லை, நின்றார்கள், அவ்வளவுதான். மெஷின் முதல் இரண்டு நாள் எங்கள் வாய்க்காலில், பிறகு மேல் வாய்க்காலில் என்று முடிவானது. இரண்டு நாள் போதாது என்றேன். அதெல்லாம் பிறகு பார்க்கலாம் என்றார்கள். எழுதுங்கள் என்றேன். நோட்டில் அந்த வரி எழுதப்பட்டு, மை காய்ந்து, எல்லோரும் கையெழுத்துப் போடும் வரைக்கும் நான் நின்றுகொண்டேதான் இருந்தேன்.